புதுக்கோட்டை நாகலிங்கம், பம்பாயின் ராஜா சாண்டோ

(திருவரங்கத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளைக் கோபுரத்துக்கு அருகில் சேஷராயர் மண்டபம் இருக்கிறது. அரங்கனைச் சேவிக்க வருகிறவர்களில் பலர் வரிசை நகர்கிறதா என்ற கவலையில் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். நின்று பார்த்தவர்களுக்கு அது மறக்காது. தூண்களில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி எழுந்து நிற்கும் குதிரைகள். மேலே கடிவாளத்தை இழுத்துப் பிடித்த வீரர்கள். கீழே சீறும் புலி, அதன் உடலில் இறங்கும் ஈட்டி. ஒரே கல்லில் குதிரையும் ஆளும் விலங்கும் ஆயுதமும் பின்னிக் கிடக்கின்றன. உயிரைப் பணயம் வைத்து உடம்பால் செய்யும் வித்தையை வாய் பிளந்து பார்க்கும் ஆசை நம் மக்களுக்குப் புதிதாக வந்ததல்ல என்பதற்கு அந்தத் தூண்களே சாட்சி. சினிமா இந்த ஊர்ப்பக்கம் வந்தபோது அந்த ஆசை ஆயத்தமாகக் காத்திருந்தது.

அந்த ஆசையை நம்பிப் புதுக்கோட்டையிலிருந்து பம்பாய்க்குப் போன ஒருவரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. பெற்றோர் வைத்த பெயர் நாகலிங்கம். நாடு அறிந்த பெயர் ராஜா சாண்டோ. தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. விருதின் பெயர் செய்தித்தாளில் வரும்போது படிக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால் புதுக்கோட்டையிலேயே பதில் சொல்லக்கூடியவர்கள் அருகிவிட்டார்கள். அந்தக் குறை தீர வேண்டும் என்பதே என் பேச்சின் நோக்கம்.

அவர் கதைக்கு முன்னால் கடல் கடந்து ஒரு நடை போய் வருவோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பெண்டில்டன் என்ற ஊரில் 1910 முதல் ஆண்டுதோறும் ரோடியோ நடக்கிறது. அடங்காத குதிரையின் முதுகில் தாக்குப்பிடிப்பது, கயிறு வீசிக் கன்றைப் பிடிப்பது, காளையைச் சாய்ப்பது எல்லாம் அதில் உண்டு. காளையைச் சாய்க்கும் போட்டியைக் கேட்டால் நமக்கு ஜல்லிக்கட்டு நினைவு வரும். ஆனால் முறை வேறு. அங்கே வீரன் குதிரையில் விரைந்து வந்து, ஓடும் காளையின் பக்கமாகத் தாவி, இரு கொம்புகளையும் பற்றி, கழுத்தைத் திருப்பித் தரையில் கிடத்த வேண்டும். சூரியூரிலும் விராலிமலையிலும் திமிலை அணைத்துத் தொங்குகிறவன் காளையை வீழ்த்துவதில்லை. அது ஓட, கூடவே போகிறான்.

ஆர்ட் அகார்ட் என்பவர் அந்தக் காளை சாய்க்கும் போட்டியில் 1912இல் பட்டம் வென்றவர். அதே ஆண்டு பெண்டில்டனில் பல போட்டிகளுக்கும் சேர்த்துத் தரும் பட்டத்தை ஹூட் கிப்சன் வென்றார். யகிமா கனட் 1917 தொடங்கிப் பலமுறை அங்கே வாகை சூடியவர். மூவரையும் சினிமா இழுத்துக்கொண்டது. அப்போது படம் பேசாது. வசனம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, குரல் வேண்டியதில்லை. குதிரையேறத் தெரிந்தவன், விழத் தெரிந்தவன், விழுந்த கையோடு எழத் தெரிந்தவன் போதும். நாடகக் கொட்டகையில் பத்து வருடம் பாடம் படித்த நடிகனால் செய்ய முடியாததை இவர்கள் ஒரே எடுப்பில் செய்து காட்டினார்கள்.

இந்தப் படங்கள் நம் ஊருக்கும் வந்தன. 1920களில் இந்தியத் திரையரங்குகளில் ஓடியவற்றில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்கள்தான். 1927இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரி தலைமையில் அரசு அமைத்த சினிமா விசாரணைக் குழுவின் முன்னும் அதுவே முக்கியக் கேள்வியாக இருந்தது. சர்க்கஸிலிருந்து திரைக்கு வந்த எடி போலோ தமிழ்நாட்டில் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். அவர் நடித்த தொடர்படங்களில் ஒவ்வொரு பகுதியும் ஆள் மலையுச்சியில் தொங்கும்போது முடியும். அடுத்த பகுதி எப்போது வரும் என்று கூட்டம் காத்துக் கிடக்கும்.

திருச்சிக்காரர்கள் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒரு செய்தியும் இங்கே உண்டு. தென்னாட்டில் படம் காட்டும் தொழிலை ஊர் ஊராகக் கொண்டுபோன முன்னோடி இந்த ஊரில் உத்தியோகம் பார்த்தவர்தான். கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராகத் திருச்சியில் வேலையில் இருந்தார். 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படக்கருவியோடும் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படச்சுருளோடும் இங்கே வந்து, உடல்நலம் குன்றி, ஊர் திரும்ப முடிவெடுத்தார். கருவியையும் சுருளையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை உதறினார். கூடாரம் அடித்துத் திருச்சியில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் போனார். 1914இல் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் பெயரில் இன்றும் அங்கே ஒரு சாலை இருக்கிறது.

அந்தக் கூடாரக் காட்சிகள் எப்படி நடந்தன என்று சொன்னால்தான் ராஜா சாண்டோ ஏன் எழுந்தார் என்பது விளங்கும். படக்கருவி ஒன்றே ஒன்று. ஒரு சுருள் முடிந்தால் அடுத்ததை மாட்டும்வரை திரை வெறுமையாகக் கிடக்கும். அந்த இடைவெளியில் கூட்டத்தைப் பிடித்துவைக்க மேடையில் நடனம், குஸ்தி, குத்துச்சண்டை எல்லாம் நடத்துவார்கள். திரையோரம் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார். எழுத்தட்டைகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்தான் குரல். திரையில் எடி போலோ சண்டை போடுவார். விளக்கு வந்ததும் மேடையில் உள்ளூர்ப் பயில்வான் சண்டை போடுவார். இந்த இரண்டாமவர் திரைக்குள்ளேயே போய்விட்டால் என்ன என்ற எண்ணம் தோன்ற வெகுகாலம் தேவைப்படவில்லை.

நாகலிங்கம் 1890களில் புதுக்கோட்டையில் பிறந்தார். அன்று அது தொண்டைமான்களின் சமஸ்தானம். சிலம்பமும் கர்லாக்கட்டையும் சுற்றிய மண். இன்றும் தமிழ்நாட்டில் வாடிவாசல்கள் மிகுந்த மாவட்டம். அவர் உடற்பயிற்சியில் தேர்ந்து, பம்பாய்க்குப் போய், எஸ்.என். பதங்கரின் நேஷனல் பிலிம் கம்பெனியில் சண்டை நடிகராகச் சேர்ந்தார். ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோ அந்த நாளில் உலகமே அறிந்த உடற்கட்டு வீரர். 1905ஆம் ஆண்டை ஒட்டி இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தவர். கட்டுமஸ்தான உடம்புக்கு அவர் பெயரே பட்டமாகிவிட்ட காலம் அது. நாகலிங்கத்துக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் யானையையும் பாம்பையும் வைத்துப் படமெடுத்த கோவை சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் நிற்பதும் அதே சாண்டோதான்.

1922இல் பதங்கர் எடுத்த ‘பக்த போதனா’வில் அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான வேடம் கிடைத்தது. சம்பளம் 101 ரூபாய். மறு ஆண்டு ‘வீர் பீம்சென்’. உடம்பைக் காட்டி வேடம் வாங்கிய கட்டம் இது. இதோடு நின்றிருந்தால் அவரும் நூற்றில் ஒரு சண்டை நடிகர், அவ்வளவே.

1926இல் கோஹினூர் கம்பெனி எடுத்த படங்களைப் பாருங்கள். ஹோமி மாஸ்டரின் ‘டெலிபோன் கேர்ள்’ படத்தில் சுலோச்சனா தொலைபேசி நிலைய ஊழியை. அவரைக் காதலிக்கும் வழக்கறிஞராக ராஜா சாண்டோ. பம்பாய் கிராண்ட் ரோடு தொலைபேசி நிலையத்திலேயே காட்சிகளை எடுத்தார்கள். சுலோச்சனா, அதாவது ரூபி மையர்ஸ், திரைக்கு வருவதற்கு முன் உண்மையிலேயே தொலைபேசி ஊழியையாக இருந்தவர். அதே ஆண்டு சந்துலால் ஷாவின் ‘டைப்பிஸ்ட் கேர்ள்’. 1927இல் நடிகை கோஹருடன் ‘குணசுந்தரி’. கதாயுதம் தூக்க வந்த மனிதர் கோட்டு மாட்டிக்கொண்டு நகரத்துக் கணவனாகவும் காதலனாகவும் வந்து நிற்கிறார். ஆர்ட் அகார்டுக்கும் ஹூட் கிப்சனுக்கும் இந்த வாசல் திறக்கவே இல்லை. அவர்கள் கடைசிவரை குதிரை மேலேயே இருந்தார்கள். ராஜா சாண்டோவோ சமூகக் கதைகளுக்குள் நுழைந்தார். அங்கே கற்றதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவரை நாம் நினைக்க வேண்டிய முதற்காரணம் இதுதான். தோள்வலி அவரைப் பம்பாயின் வாசல் வரை கொண்டுவிட்டது. அதற்குமேல் அவரை நடத்தியது அவருடைய அறிவு.

சென்னையில் அப்போது மௌனப்படத் தொழில் மறுபடியும் துளிர்த்துக்கொண்டிருந்தது. 1917-18இல் ‘கீசக வதம்’ எடுத்துத் தென்னாட்டில் தொழிலைத் தொடங்கிவைத்த நடராஜ முதலியார் 1923இல் ஸ்டூடியோவையே தீக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தார். 1929இல் ஏ. நாராயணன் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷனைத் தொடங்கினார். அந்தக் காலத்திலேயே ஆர். பத்மநாபன் அசோசியேட் பிலிம்ஸ் கம்பெனியை நடத்தினார். பம்பாயில் பெயர் பெற்ற தமிழரை அவர் அழைத்துவந்தார். ‘பேயும் பெண்ணும்’, ‘நந்தனார்’, ‘அநாதைப் பெண்’, ‘ராஜேஸ்வரி’, ‘உஷா சுந்தரி’ என்று 1930, 31ஆம் ஆண்டுகளில் வரிசையாகப் படங்கள் வந்தன. இயக்கியதும் ராஜா சாண்டோ, நடித்ததும் அவர்.

தலைப்புகளையே கவனியுங்கள். புராணமே படம் என்றிருந்த காலத்தில் அநாதைப் பெண் ஒருத்தியை நடுவில் நிறுத்துகிறார். தில்லைக்குப் போக ஏங்கிய நந்தனாரை எடுத்துக்கொள்கிறார். நெருக்கமான காதல் காட்சிகளையும் அவர் தயங்காமல் வைத்தார். சமூகச் சீர்திருத்தம் பேசியவரும் அவர்தான், கூட்டத்தைக் கவரும் கவர்ச்சியைக் கைவிடாதவரும் அவர்தான். இரண்டையும் ஒரே ஆள் செய்தாரா என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து மணலில் உட்கார்ந்தவனைக் கடைசிவரை உட்காரவைத்தால்தான் அவனிடம் எதையும் சொல்ல முடியும் என்பது கூடாரக் கொட்டகை அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். இந்தப் படங்களில் கதைப் பொறுப்பில் பணியாற்றிய வழக்கறிஞர் ஒருவர் பாபநாசத்துக்காரர். பெயர் கே. சுப்பிரமணியம். ‘பவளக்கொடி’, ‘சேவாசதனம்’, ‘தியாகபூமி’ எடுத்த அதே சுப்பிரமணியம். அவர் சினிமா படித்த பள்ளிக்கூடம் ராஜா சாண்டோவின் மௌனப்படங்கள்.

1931இல் படம் பேசத் தொடங்கியது. மார்ச்சில் பம்பாயில் ‘ஆலம் ஆரா’, அக்டோபர் 31இல் சென்னையில் ‘காளிதாஸ்’. உடம்பை நம்பியிருந்த நடிகர்களுக்கு அது இடி. ‘ஆலம் ஆரா’வின் நாயகன் மாஸ்டர் விட்டல் மௌனப்படங்களில் வாள்சண்டைக்குப் பேர்போனவர், இந்துஸ்தானி உச்சரிப்பு வரவில்லை என்பதால் படத்தின் பெரும்பகுதியில் அவரைப் பேச்சில்லாமல் மயக்கத்தில் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் யகிமா கனட்டுக்குக் காய்ச்சலால் குரல் கெட்டிருந்தது. நாயக வேடம் போயிற்று. ஆனால் அவர் மற்றவர்களுக்குப் பதிலாக விழும் வேலையை ஒரு கலையாக வளர்த்தார். 1939இல் ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஓடும் குதிரைகளுக்கு நடுவே விழுந்து வண்டிக்கு அடியில் போனவர் அவர்தான். 1959இல் ‘பென்ஹர்’ தேர்ப்பந்தயத்தை வடிவமைத்து எடுத்துத் தந்ததும் அவரே. ஆர்ட் அகார்டின் கதை அப்படி முடியவில்லை. 1931 ஜனவரியில் மெக்சிகோவில் ஓர் ஓட்டலில் விஷம் அருந்திய நிலையில் இறந்துபோனார். வயது நாற்பதுதான்.

ராஜா சாண்டோ பம்பாய்க்குத் திரும்பினார். 1934இல் ‘இந்திரா எம்.ஏ.’ போன்ற இந்திப் பேசும்படங்களில் நடித்தார். ஆனால் அவருடைய எதிர்காலம் படக்கருவிக்குப் பின்னால் என்பதை அவர் புரிந்துகொண்டுவிட்டார். 1935இல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘மேனகா’ அவர் கைக்கு வந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல், மேடையில் வெற்றி பெற்ற நாடகம். பம்பாய் ரஞ்சித் ஸ்டூடியோவில் எடுத்தார்கள். தமிழ்ப் பேசும்படத்தில் சமூகக் கதைக்குத் தொடக்கம் வைத்த படங்களில் அதுவும் ஒன்று. என்.எஸ். கிருஷ்ணனைத் தமிழ் மக்கள் திரையில் முதலில் பார்த்தது அதில்தான்.

மறு ஆண்டு ‘சந்திரகாந்தா’. ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவல், மடத்தின் பெயரால் நடக்கும் மோசடியை அம்பலப்படுத்தும் கதை. அதில் இளவரசனாக அறிமுகமானவர் பி.யு. சின்னப்பா. அவரும் புதுக்கோட்டை. அவரும் சிலம்பம், சுருள்கத்தி, பளுதூக்கல் என்று பயின்றவர். பாட்டும் கைவந்தவர். மௌனப்படக் காலத்தின் புதுக்கோட்டைப் பயில்வான் பேசும்படக் காலத்தின் புதுக்கோட்டைப் பயில்வானைத் திரைக்குக் கொண்டுவந்தார். இதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. உடம்பின் அருமையைத் தெரிந்த கண் அதை இன்னொருவரிடம் கண்டுகொண்டது.

திருச்சிக்கும் அவருக்கும் உள்ள பந்தம் 1939இல் வருகிறது. எம்.கே. தியாகராஜ பாகவதர் மயிலாடுதுறையில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். எஃப்.ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சனி சபா மேடையில் சிறுவனாக லோகிதாசன் வேடம் கட்டியவர். அந்தப் பாகவதர், தம் சொந்தக் கம்பெனியின் ‘திருநீலகண்டர்’ படத்தை இயக்க ராஜா சாண்டோவை அழைத்தார். பாட்டுக்குக் கூட்டம் வரும் காலம் அது. பாகவதர் வாய் திறந்தால் போதும், கதை நின்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நட்சத்திரம் தம் பணத்தைப் போட்டபோது, பேசாத படத்தில் காட்சியாலேயே கதை சொல்லப் பழகிய ஒருவரைத் தேடிப் பிடித்தார். அதைப் பாகவதரின் கூர்மை என்றே சொல்வேன்.

அவருடைய குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். படப்பிடிப்பில் கண்டிப்புக்குப் பேர்போனவர்; கோபம் வந்தால் வாய் நீளும், கையும் நீளும். அக்காலத் திரையுலகில் இது எல்லோரும் அறிந்த விஷயம். அவரிடம் தொழில் கற்றவர்கள் நன்றியோடு நினைத்தார்கள் என்பதால் அது நியாயமாகிவிடாது. நடிகனை அடித்து வேலை வாங்கும் வழக்கம் நாடகக் கம்பெனிகளில் சிறுபிள்ளைகளைப் பழக்கிய முறையிலிருந்து சினிமாவுக்கு வந்த நோய்.

1943இல் வெளிவந்த ‘சிவகவி’யை அவர்தான் இயக்கத் தொடங்கினார். கருத்து வேறுபாட்டால் விலக, ஸ்ரீராமுலு நாயுடு முடித்தார். அதே ஆண்டில் கோவையில் ராஜா சாண்டோ காலமானார். ஐம்பது வயதை ஒட்டிய சாவு.

தமிழ்த் திரையில் கௌபாய் தொப்பியும் துப்பாக்கியும் பின்னால் வந்தன. எழுபதுகளில் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று குதிரையில் வந்தார். 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தார். பார்த்து ரசித்திருக்கிறோம். அந்தப் பரம்பரைக்கு மூத்தவரின் மௌனப்படங்களை மட்டும் நாம் பார்க்க முடியாது. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன. தென்னாட்டு மௌனப்படங்களில் எஞ்சியிருப்பதாக ஆய்வாளர்கள் சொல்வது ஒன்றே ஒன்று, ‘மார்த்தாண்ட வர்மா’. புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ராஜா சாண்டோ சென்னையில் எடுத்த மௌனப்படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டாலும் வெப்பத்தில் பிசினாகிப் பொடியாகும். படம் ஓடி முடிந்தபின் சுருளைக் கழுவி வெள்ளியை எடுக்க விற்றார்கள். பேசும்படம் வந்தபின் பழையதைப் பாதுகாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

படம் போனாலும் அதைச் சுற்றியிருந்த காகிதம் எல்லாம் போய்விடவில்லை. மாட்டுவண்டியில் தம்பட்டம் அடித்து வீசிய நோட்டீஸ், ஓரணா விலையிட்ட பாட்டுப் புத்தகம், பம்பாயிலிருந்து வந்த கடிதம், ஸ்டூடியோ முத்திரை குத்திய புகைப்படம் என்று எத்தனையோ பழைய வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் அப்படிச் சேர்த்தவைதான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. புதுக்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, ஞானாலயா நூலகம் இருக்கிறது.

ஆகவே இந்த அவையில் இருப்பவர்களிடமும், இதை அச்சில் படிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். திருச்சியிலோ திருவரங்கத்திலோ புதுக்கோட்டையிலோ உங்கள் தாத்தா பாட்டி வீட்டை இடிக்கவோ விற்கவோ போகிறீர்கள் என்றால், பரணில் இருக்கும் காகிதக் கட்டைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். 1950க்கு முந்தைய சினிமா நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ புகைப்படமோ கண்ணில் பட்டால், அது கிழிந்திருந்தாலும் சரி, இந்த நூலகங்களில் ஒன்றுக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் படியெடுக்கவாவது அனுமதியுங்கள்.